சைக்யாட்ரி போஸ்டிங் போகும் நர்சிங் மாணவர்களுக்கு: மனநோய்களும் சிகிச்சையும், படிப்படியாக

பாபநாசம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவருடைய மஞ்சள் பையில் ஆறு ஓ.பி. சீட்டு, இரண்டு ஸ்கேன், ஒரு எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட். எல்லாம் நார்மல். “வயித்துக்குள்ள அடுப்பு எரியிற மாதிரி இருக்கு சிஸ்டர், யாருமே நம்ப மாட்டேங்குறாங்க” என்றார். தூக்கம் எப்படிம்மா என்று கேட்டேன். “மூணு மணிக்கு முழிப்பு வந்துரும். விடியிற வரைக்கும் கூரையப் பாத்துக்கிட்டுக் கிடப்பேன்.” வேலைக்குப் போறீங்களா? “குறுவை நடவுக்கே போகல. மனசு ஒட்டல.” அப்போது ஐப்பசி. அதாவது நான்கு மாதம்.

அதிகாலை விழிப்பு, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, பசியின்மை, உடல் மெலிவு. இரண்டு வாரம் இருந்தாலே மனச்சோர்வு நோய் என்று சந்தேகிக்க வேண்டிய அறிகுறிகள், நான்கு மாதமாக அந்த அம்மாவிடம் இருந்தன. ஆறு சீட்டிலும் ஒருவர்கூடத் தூக்கத்தைப் பற்றி எழுதவில்லை.

எங்கள் பக்கத்தில் யாரும் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லி ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. நெஞ்சு படபடப்பு, தலை கிறுகிறுப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், சோறு இறங்கவில்லை, காத்து கருப்பு அடித்துவிட்டது, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றுதான் வருவார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் நோயை இந்தப் பேச்சுக்குள் அடையாளம் காண்பதுதான் நீங்கள் இந்தப் போஸ்டிங்கில் கற்க வேண்டியது. டெல்டாவில் 20 வருடத்துக்கு மேல் மனநல வார்டில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லிக்கொடுக்க வந்தவள் நான். வார்டில் வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: முதலில் உடம்பு

ஒருவர் திடீரென்று உளறுகிறார், ஆளை அடையாளம் தெரியவில்லை என்று கூட்டி வந்தால், மனநோய் என்ற எண்ணத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். காய்ச்சல், ரத்த சர்க்கரை, ஆக்சிஜன், பிரஷர் நான்கையும் பாருங்கள். தலையில் அடிபட்டதா, வலிப்பு வந்ததா, புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்தார்களா, கடைசியாக எப்போது குடித்தார் என்று கேளுங்கள்.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கி, கூடிக் குறைந்து, ராத்திரியில் மோசமாகி, நாளும் இடமும் குழம்பினால் அது பெரும்பாலும் டெலீரியம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் சோடியம் குறைவுமே இதற்குப் போதும். டெலீரியத்தை மனநோய் என்று நினைத்துத் தூக்க ஊசி போட்டுப் படுக்க வைத்தால், உள்ளே இருக்கும் நோய் கவனிக்கப்படாமலே முற்றிவிடும். அதேபோல, தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு போலத் தெரியும், கூடினால் பதற்றம் போலத் தெரியும்.

படி 2: கேட்பதும் எழுதுவதும்

நோயாளிக்கு நேர் எதிரே நின்று கேள்வி கேட்காதீர்கள். பக்கவாட்டில், ஒரு கை நீளத்துக்கு மேல் தள்ளி, கதவு உங்களுக்கும் அவருக்கும் எட்டும்படி உட்காருங்கள். அம்மா, அய்யா, அண்ணே, தம்பி என்று வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுங்கள். டியூட்டி ரூமில்கூட “அந்தப் பைத்தியம்” என்ற சொல் வாயில் வரக்கூடாது. அங்கே பேசிப் பழகினால் வார்டிலும் அது வந்துவிடும்.

மனநிலைப் பரிசோதனையில் தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, எண்ணம், புலனுணர்வு, நினைவாற்றல், கவனம், பகுத்தறிதல், தன் நோயைப் பற்றிய புரிதல் என்று வரிசை உண்டு. மாணவர்கள் வழக்கமாகத் தவறு செய்வது எண்ணம் என்ற இடத்தில். கேஸ் ஷீட்டில் “டெலூஷன் (உண்மையில்லாத, அசைக்க முடியாத நம்பிக்கை) உள்ளது” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அடுத்த ஷிப்டில் வருபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. நோயாளி சொன்னதை அப்படியே எழுதுங்கள்: “பக்கத்து வீட்டுக்காரங்க பம்புசெட் வழியா என் மூளைக்கு கரண்ட் அனுப்புறாங்க.” ஒரு வாரம் கழித்து அவர் “அப்படித்தான் தோணுது, ஆனா நிஜமான்னு தெரியல” என்று சொன்னால், மருந்து வேலை செய்கிறது என்று உங்கள் குறிப்பை வைத்தே டாக்டர் சொல்லிவிடுவார்.

காதில் குரல் கேட்கிறது என்பவரிடம் அப்படி எதுவும் இல்லை என்று வாதாட வேண்டாம். எனக்கும் கேட்கிறது என்றும் சொல்ல வேண்டாம். “எனக்குக் கேட்கல அண்ணே. ஆனா உங்களுக்குக் கேக்குதுன்னு புரியுது. பயமா இருக்கா?” போதும். அப்புறம் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லி அது கட்டளையிட்டால், உடனே டாக்டருக்குச் சொல்லுங்கள். காலை ரவுண்ட்ஸ் வரட்டும் என்று வைத்திருக்காதீர்கள்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போய்விட்டு வருகிறவர்கள்

குணசீலம் பெருமாள் கோயிலில் 48 நாள் தங்கிக் காவிரியில் குளித்துவிட்டு வந்தவர்கள், நாகூர் தர்காவில் மந்திரித்த கயிறோடு வந்தவர்கள் எல்லாம் உங்கள் வார்டில் இருப்பார்கள். கயிறை அறுக்காதீர்கள். இவ்வளவு நாள் ஏன் கூட்டி வரவில்லை என்று திட்டாதீர்கள். திட்டு வாங்கிய குடும்பம் இரண்டாவது தடவை வராது. கோயிலுக்குப் போங்க, மாத்திரையும் போடுங்க, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு இடைஞ்சல் இல்லை என்று சொல்லுங்கள். எங்கேயாவது கட்டிப் போட்டிருந்தார்களா, பட்டினி போட்டார்களா, சூடு வைத்தார்களா என்பதை மட்டும் மென்மையாகக் கேட்டு, உடம்பில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் சாமி வந்து ஆடுவது நோய் இல்லை. ஊரே அதை ஏற்றுக்கொள்கிறது, ஆட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்ச் சமைக்கிறார். கட்டுப்பாடில்லாமல், வேளைகெட்ட வேளையில் வந்து, அவருக்கே துன்பமாகி, வேலையும் கெட்டுப்போனால்தான் நாம் பார்க்க வேண்டியது. பெரும்பாலும் அதற்குப் பின்னால் வெளியில் சொல்ல முடியாத ஒரு நெருக்கடி இருக்கும்.

படி 3: எந்த நோய், என்ன அறிகுறி

மனச்சோர்வை முதலிலேயே பார்த்தோம். சிகிச்சை பேச்சும் மருந்தும். ஃப்ளூவாக்ஸிடின், எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் வகை மருந்துகள் வேலை செய்ய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல்தான் தெரியும், பலன் தெரியாது. பத்தாம் நாள் நிறுத்திவிட்டு வருபவர்கள்தான் அதிகம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இருமுனைக் கோளாறில் ஒரு பக்கம் இதே சோர்வு, இன்னொரு பக்கம் மேனியா. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு உற்சாகமாக எழுவார். நிறுத்தாமல் பேசுவார். வீட்டு நகையை விற்று ஊருக்கே அன்னதானம் போடுவார். ஒரு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் கவனிக்க வேண்டும். வார்டில் இவருக்குத் தேவை சத்தமில்லாத இடமும், நடந்துகொண்டே சாப்பிடக் கையில் பிடிக்கிற மாதிரி உணவும். தட்டில் சோறு வைத்தால் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். இட்லி, வாழைப்பழம் கொடுங்கள்.

மனச்சிதைவு என்கிற ஸ்கிசோஃப்ரினியாவில் குரலும் சந்தேகமும் எல்லோர் கண்ணிலும் படும். அதைவிடக் குடும்பத்தை வாட்டுவது மற்றொரு பக்கம்: குளிக்க மாட்டார், பேச மாட்டார், மூலையில் உட்கார்ந்திருப்பார். சோம்பேறி என்று திட்டு விழும். அது சோம்பல் இல்லை, நோயின் பாதி. மருந்தோடு வேலைப் பயிற்சியும் குடும்பத்துக்கான விளக்கமும் சேர்ந்தால்தான் மனிதர் மீள்வார். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். அவர் 1984-ல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கி வளர்த்தெடுத்த வழியும் இதுதான்.

பதற்ற நோய்களில் திடீர்ப் பீதி வந்தவரை நெஞ்சுவலி என்று தூக்கி வருவார்கள். ஈ.சி.ஜி. எடுத்த பிறகுதான் பதற்றம் என்ற முடிவுக்கு வர வேண்டும். கை உரிந்துபோகும் அளவுக்குக் கழுவுவது, பூட்டை இருபது தடவை இழுத்துப் பார்ப்பது ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோய். அதற்கு மருந்தும், பயப்படும் விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளும் பயிற்சியும் உண்டு.

2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த நாகப்பட்டினம் கரையிலும், 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் தென்னையை வேரோடு சாய்த்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்திலும் வேலை செய்யப் போகிறவர்கள் பேரிடருக்குப் பின்வரும் மன அழுத்த நோயை நன்றாகப் படியுங்கள். காற்றுச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குவது, அந்தக் காட்சியே கனவில் வருவது, கடற்கரைப் பக்கமே போகாமல் தவிர்ப்பது. நடந்ததை எல்லாம் சொல்லுங்கள் என்று வற்புறுத்தாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

குழந்தை பெற்ற முதல் இரண்டு வாரத்தில் ஒரு தாய்க்குத் தூக்கமே இல்லாமல், குழப்பமாகப் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக எதையாவது சொன்னால் அது அவசரநிலை. பிரசவத்துக்குப் பின்வரும் சைக்கோசிஸ் (நிஜம் எது என்று பிரித்தறிய முடியாத நிலை) நன்றாகக் குணமாகக்கூடியது. ஆனால் அந்த நேரத்தில் தாயையும் சேயையும் தனியே விடக்கூடாது. மகப்பேறு வார்டில் நிற்கும்போதும் இது நினைவில் இருக்கட்டும்.

படி 4: கேட்கத் தயங்கும் கேள்வி

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால் நாமே அந்த எண்ணத்தைக் கொடுத்துவிடுவோமோ என்று ஒவ்வொரு பேட்சிலும் ஒருவர் கேட்பார். இல்லை. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்குச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த நிம்மதிதான் வரும்.

படிப்படியாகப் போங்கள். “வாழ்றதே சலிப்பா இருக்காம்மா?” அப்புறம், “செத்துப் போயிடலாம்னு தோணுதா?” ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கு ஏதாவது தயார் செய்தாரா, முன்னால் முயன்றதுண்டா என்று கேளுங்கள். முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். “யார்கிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர்” என்றால் அந்த வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள். “உங்களைக் காப்பாத்துறதுக்கு டாக்டர்கிட்ட மட்டும் சொல்லியே ஆகணும்மா” என்று நேராகச் சொல்லுங்கள்.

நன்றாகச் சோர்ந்திருந்தவர் மருந்து ஆரம்பித்த முதல் வாரங்களில் கொஞ்சம் தெம்பாகும்போதும், திடீரென்று அமைதியாகிவிடும்போதும் கண்காணிப்பைக் கூட்டுங்கள். குறைக்கக் கூடாத நேரம் அது. வார்டில் ஆள் குறைவான நேரம், ஷிப்ட் மாறும் நேரம், இரண்டிலும் இன்னும் கவனம் வேண்டும்.

உறவினரிடம் ஒரு விஷயம் கட்டாயம் சொல்லுங்கள். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டுக்குள் இருக்கக்கூடாது. பூட்டி, சாவியை வேறொருவர் வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை அட்டையும் அப்படியே. நெல் விளையும் மாவட்டத்தில் இந்த ஒரு ஏற்பாடே உயிரைக் காக்கும். எந்த நேரமும் இலவசமாகப் பேச, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. சீட்டின் பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

படி 5: மருந்து கொடுக்கும்போது

மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு நகராதீர்கள். விழுங்கும் வரை நின்று, இரண்டு வார்த்தை பேசி, வாயைக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகப்பட்டுக் கேட்பது போல இல்லாமல் இதைச் செய்யப் பழக வேண்டும்.

குரலையும் சந்தேகத்தையும் அடக்கும் ஹாலோபெரிடால் ஊசி போட்ட முதல் ஓரிரு நாளில் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, கண் மேலே சொருகி, நாக்கு தடித்தால் அது டிஸ்டோனியா. குடும்பம் பேய் பிடித்துவிட்டது என்று அலறும். டாக்டரைக் கூப்பிடுங்கள், ப்ரோமெத்தசின் ஊசியில் சீக்கிரம் சரியாகிவிடும். கால் ஓரிடத்தில் நிற்காமல் நடந்துகொண்டே இருந்தால் அகதீசியா. அதை நோய் கூடிவிட்டது என்று எண்ணி இன்னொரு ஊசி போட்டால் இன்னும் மோசமாகும். கடும் காய்ச்சல், மரக்கட்டை போல இறுக்கம், வியர்வை, மயக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் இந்த வகை மருந்துகளால் வரும் என்.எம்.எஸ். (நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம்). அடுத்த டோஸைக் கொடுக்காமல் நிறுத்தி, உடனே டாக்டரை அழையுங்கள். உயிர் போகக்கூடிய நிலை அது. மனச்சிதைவுக்கான க்ளோசபைன் சாப்பிடுகிறவருக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தால் வெள்ளையணு எண்ணிக்கை பார்க்காமல் விடாதீர்கள். மலச்சிக்கலையும் தினமும் கேளுங்கள். ஒலான்சபைன் சாப்பிடுகிறவருக்கு எடையும் சர்க்கரையும் பாருங்கள். வால்ப்ரோயேட் எழுதியிருந்தால், பிள்ளை பெறும் வயதுப் பெண்ணா என்று பார்த்து டாக்டரிடம் நினைவூட்டுங்கள். கருவைப் பாதிக்கும் மருந்து அது.

இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், எங்கள் வெயிலுக்கும் அதற்கும் ஆகாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிஈக்விவலன்ட் வரை இருந்தால் மருந்து. 1.5-ஐத் தாண்டினால் விஷம். இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்து மனநல வார்டில் வேறு இல்லை என்றே சொல்லலாம். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். கோடையில் பருத்தி எடுக்கப் போகிறவர், செங்கல் சூளையில் நிற்கிறவர் ஒரு நாளில் எவ்வளவு வியர்வை விடுவார் என்று நினைத்துப் பாருங்கள். வயிற்றுப்போக்கு வந்தாலும் இதே கதை. மருமகள் பிரஷருக்கு நல்லது என்று சமையலில் உப்பைக் குறைப்பார், லித்தியம் ஏறும். மூட்டுவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவார், லித்தியம் ஏறும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எழுதினாலும் ஏறும்.

கை லேசாக நடுங்குவது மருந்தின் வழக்கமான பக்கவிளைவு. டம்ளர் தண்ணீர் சிந்தும் அளவுக்கு நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, வாந்தியும் வந்தால் அது லித்தியம் விஷமேற்றம். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று அப்படி ஒருவரைத் திருப்பி அனுப்பியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மறுநாள் அவர் நினைவில்லாமல் வந்தார், டயாலிசிஸ் தேவைப்பட்டது. சந்தேகம் வந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து டாக்டருக்குச் சொல்லுங்கள். வழக்கமான பரிசோதனைக்குக் கடைசி டோஸிலிருந்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டு எடுத்த ரத்தத்தின் அளவு உங்களை ஏமாற்றும்.

படி 6: குடி நிறுத்திய மூன்றாம் நாள்

இது மனநல வார்டில் மட்டும் நடப்பதில்லை. கால் முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்த ஒருவர், மூன்றாம் நாள் ராத்திரி போர்வையை உதறிக்கொண்டே இருந்தார். “நண்டு ஊருது, வயல் நண்டு, எடுத்துப் போடுங்க” என்றார். ஆள் முழுக்க வியர்வை, கை நடுக்கம். கலாட்டா செய்கிறார் என்று கட்டிலோடு கட்டிவிட்டார்கள். சேர்க்கும்போது குடிப்பழக்கம் உண்டா என்று கேட்ட குறிப்பே இல்லை.

கணக்கை மனதில் வையுங்கள். கடைசிக் குடியிலிருந்து 6 மணி நேரத்துக்குப் பின் நடுக்கமும் பதற்றமும் தொடங்கும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் காய்ச்சலுமாக வரும் டெலீரியம் ட்ரெமன்ஸ் பொதுவாக 2 முதல் 4 நாளுக்குள். ஆகவே எந்த வார்டில் சேர்ந்தாலும் “கடைசியா எப்ப குடிச்சீங்க, தினமும் எவ்வளவு?” என்று சேர்க்கும்போதே கேளுங்கள். சிகிச்சை டயசெபாம் அல்லது லோராசெபாம். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம். குளுகோஸ் ஏற்றும் முன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டாயிற்றா என்று பாருங்கள். தயமின் இல்லாத உடம்பில் குளுகோஸ் ஏற்றினால் கண் அசைவு நின்று, நடை தள்ளாடி, குழப்பம் வரும் வெர்னிக்கி நோய்க்கு வழியாகிவிடும். அறையில் விளக்கு எரியட்டும், தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், இது எந்த இடம், என்ன கிழமை என்று அடிக்கடி சொல்லுங்கள்.

வீட்டில் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மருந்து கேட்பார்கள். குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராமை நோயாளிக்குத் தெரியாமல் கொடுத்து, அதன் மேல் அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. மனைவியின் கண்ணீரைப் பார்த்து இளகி இதற்கு உடன்படாதீர்கள். அந்த அம்மாவுக்கும் உட்கார்ந்து பேச ஒரு ஆள் தேவை, அதை ஏற்பாடு செய்யுங்கள்.

படி 7: ஷாக் ட்ரீட்மென்ட்

சினிமா காட்டியதை மறந்துவிடுங்கள். ஈ.சி.டி. எனப்படும் மின்னதிர்வுச் சிகிச்சை மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்யப்படுகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அவை இல்லாமல் செய்வதைத் தடை செய்கிறது. சாப்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கும் கடும் மனச்சோர்வு, கேட்டடோனியா (அசையாமல் பேசாமல் உறைந்துபோகும் நிலை) போன்றவற்றில் இது உயிர் காக்கும். உங்கள் வேலை: ஒப்புதல் படிவம், ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிறு, பல்செட், கொண்டை ஊசி, மூக்குத்தி எல்லாம் கழற்றியது, சிறுநீர் கழித்தது. முடிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சும் ஆக்சிஜனும் பார்த்து, விழிக்கும்போது பக்கத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கொஞ்ச நேரம் எதுவும் நினைவிருக்காது. அது பயமாக இருக்கும் அவருக்கு.

படி 8: கட்டுவதைப் பற்றி

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இதை ஒவ்வொரு பேட்சுக்கும் நான் சொல்கிறேன். இன்று சட்டப்படி யாரையும் எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது, தனியறையில் அடைக்கக்கூடாது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை, மனநல மருத்துவர் அனுமதித்திருக்கிறார் என்றால் மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் உடலைக் கட்டுப்படுத்தலாம். காரணம், முறை, நேரம் எல்லாம் பதிவாக வேண்டும். ஆள் பற்றாக்குறை ஒரு காரணம் ஆகாது.

கோபம் ஏறும் அடையாளம் முன்பே தெரியும்: குரல் உயரும், நடை வேகமாகும், முஷ்டி இறுகும். அந்த நேரத்தில் குரலைத் தாழ்த்தி, கூட்டத்தை விலக்கி, “தண்ணி குடிக்கிறீங்களா அண்ணே?” என்று கேட்டதில் அடங்கிய சண்டைகள் நிறைய.

படி 9: வீட்டுக்கு அனுப்பும் நாள்

டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். யார் மாத்திரை எடுத்துக் கொடுப்பார், காலை ஆறு மணிக்கு நடவுக்குப் போகிறவருக்கு இரவு மாத்திரை எத்தனை மணிக்குக் கொடுத்தால் காலையில் தூக்கம் கலையும், தீர்ந்தால் எங்கே வாங்குவது என்று கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் தஞ்சாவூர் வரை பஸ் ஏற முடியாதவர்கள் நிறையப் பேர். மாவட்ட மனநலத் திட்டக் குழு அவர்களுடைய தாலுகா ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறது என்று கேட்டு, அந்த நாளைச் சொல்லி அனுப்புங்கள். நோய் திரும்பும்போது முதலில் என்ன மாறும் என்று வீட்டாரிடமே கேளுங்கள். பெரும்பாலும் தூக்கம் கெடுவதுதான் முதல் அடையாளம், அவர்களுக்கே அது தெரிந்திருக்கும்.

மனச்சிதைவுக்கு மாதம் ஒரு தடவை போடும் ஃப்ளூஃபெனசின் ஊசிக்கு வர வேண்டியவருக்கு அடுத்த தேதியை வெறும் எண்ணில் எழுதிக் கொடுத்தால் பாதிப் பேர் தவறவிடுவார்கள். ஊரில் யாரும் நாளை அப்படி எண்ணுவதில்லை. தேதியோடு, “பொங்கல் கழிச்சு வர்ற ரெண்டாவது வியாழக்கிழமை, காலையில” என்றும் எழுதி, கூட வந்தவரைத் திருப்பி ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.